கல்லணையிலிருந்து தனியாக: மூன்று கரைகளில் எந்தக் கரை?

அக்கா மகன் திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான். ஆறு மாதமாக விடியற்காலையில் சைக்கிளில் முக்கொம்பு வரை போய் வருகிறான். போன வாரம் போன் செய்து, "மாமா, ஒரே நாள்ல கல்லணையிலேருந்து கடல் வரைக்கும் தனியா மிதிச்சிடணும்னு இருக்கேன். காவேரிக் கரையா, கொள்ளிடக் கரையா, புது ஆத்துக் கரையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

மூன்றிலும் நான் போயிருக்கிறேன். மூன்றையும் முழுசாக முடித்தவன் இல்லை. கொள்ளிடத்தில் பாதியில் நின்ற கதை பின்னால் வரும். போனில் சொல்லச் சொல்ல அவன் குழம்பினான், நானும்தான். எழுதியே தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கல்லணையில் வந்து சேரும் காவிரி அங்கேயே பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, புது ஆறு மூன்றும் பாசனத்துக்கு. தாங்க முடியாத வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். கரிகாலன் யானைமேல் இருக்கும் மணிமண்டபத்துப் பக்கம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று பார்த்தால் எல்லாக் கரையும் ஒரே மாதிரிதான் தெரியும்: இரண்டு பக்கமும் மரம், நடுவில் தண்ணீர், ஓரமாக ஒரு பாதை. அந்த இடத்தில் முடிவெடுக்கக் கூடாது.

வெண்ணாற்றை முதலிலேயே கழித்துவிடுகிறேன். தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது, அதற்கப்புறமும் பிரிந்து பிரிந்து, எது தாய் ஆறு எது வாய்க்கால் என்று ஊர்க்காரரைக் கேட்டால்தான் தெரியும். நான்குவழிச் சாலையில் போகலாமே என்று ஒருவர் சொன்னார். தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணத்துக்கு நல்ல சாலைதான், வேகமாகவும் போகலாம். ஆனால் காது முழுக்க லாரிச் சத்தத்தோடு நூறு கிலோமீட்டர் மிதிப்பதற்குப் பதில் பஸ்ஸில் போய்விடலாம்.

இனி மூன்று கரைகள். எது அழகு என்று கேட்டால் நான் கொள்ளிடம் என்பேன். ஆனால் தனியாகப் போகிறவனுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: எண்பதாவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டால், அல்லது சக்கரம் கோணினால், எப்படி வீடு திரும்புவாய்? இரண்டு பேராகப் போனால் ஒருவர் சைக்கிளோடு உட்கார்ந்திருக்க மற்றவர் போய்த் தண்ணீர் வாங்கி வரலாம். தனியாகப் போனால் ஒதுங்கப் போவதற்குக்கூட சைக்கிளை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். இதை வைத்துத்தான் மூன்றையும் எடை போடுகிறேன்.

காவிரிக் கரை: கல்லணை முதல் பூம்புகார் வரை

ஏறத்தாழ 125, 130 கிலோமீட்டர். கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கணபதி அக்ரஹாரம், உமையாள்புரம், சுவாமிமலை, கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறை, மேலையூர், பூம்புகார். இதில் பெரும்பகுதி தார்ச் சாலை. ஆற்றை ஒட்டியே போகும் இடங்களும் உண்டு, ஊருக்குள் புகுந்து வெளியே வரும் இடங்களும் உண்டு. திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வரையிலான வடகரைச் சாலைதான் இந்த வழியின் உயிர். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்கும்படி பார்த்துக்கொண்டால், வலது கைப்பக்கம் ஆறும் இடது கைப்பக்கம் வாழைத் தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் மாறி மாறி வரும். மர நிழல் நன்றாகவே கிடைக்கும்.

கும்பகோணத்துக்கு அப்புறம்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். திருவிடைமருதூர், ஆடுதுறை வழியாகப் போகும் மெயின் ரோட்டைப் பிடித்துவிடுகிறார்கள். அதில் பஸ் ஓட்டுநர்கள் சைக்கிளுக்கு இடம் தருவதில்லை, நீதான் மண்ணில் இறங்க வேண்டும். ஆற்றுக்கு வடக்கே திருமங்கலக்குடி, கஞ்சனூர் வழியாகச் சின்னச் சாலைகள் இருக்கின்றன. தூரம் கொஞ்சம் கூடும். நடுநடுவே சாலை குறுகி மாட்டுத்தொழுவத்துக்கும் திண்ணைக்கும் நடுவில் நுழைந்து போகும். போகட்டும். அந்த ஊர்களில் யாராவது "எங்கேருந்து வர்றீங்க தம்பி?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். அதற்கு நின்று பதில் சொல்லும் இரண்டு நிமிடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. கோவிலடியில் அப்பக்குடத்தான் சன்னதியில் நைவேத்தியமே அப்பம்தான். ஆனால் நீ கடக்கும் நேரத்தில் கோயில் திறந்திருக்காது, அதை நம்பாதே. திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கித் தின்னத் தோன்றும். கால் கிலோ வாங்கி ஒரே மூச்சில் தின்றுவிட்டு மிதித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நெய் வயிற்றில் நிற்கும். இரண்டு விரலளவு போதும். கும்பகோணத்தில் காலைக் கடையில் இட்லியும் கடப்பாவும் கிடைத்தால் அதுதான் சரியான சாப்பாடு. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய் மூன்றும் அடுத்த நாற்பது கிலோமீட்டருக்குத் தாங்கும்.

இந்த வழியின் பெரிய பலம் ரயில். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை என்று பாதை ஆற்றோடு கூடவே வருகிறது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வரை எந்த இடத்தில் முடியாமல் போனாலும் சில கிலோமீட்டருக்குள் ஒரு ஸ்டேஷன் இருக்கும். சைக்கிளை ரயிலில் ஏற்றுவது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், வண்டிக்கு வண்டி வேறுபடும். பார்சல் அலுவலகம் இருக்கிற பெரிய ஸ்டேஷனாகப் பார். இல்லையென்றால் சின்னம்மா வீடு குத்தாலத்தில் இருக்கவே இருக்கிறது. சைக்கிளை அங்கே போட்டுவிட்டு நீ பஸ்ஸில் திரும்பு.

குறையும் உண்டு. இதில் தனிமை குறைவு. நீ தேடுவது அதுவானால் இந்த வழி ஏமாற்றும். பத்து நிமிடத்துக்கு ஒரு வேகத்தடை, ஒரு நாய், ஒரு பள்ளிக்கூடம். அறுவடைக் காலத்தில், தை மாசியில், சாலையிலேயே நெல் காயும். நெல்லின்மேல் சைக்கிள் போனால் ரோலர் மேல் போன மாதிரி வழுக்கும், பிரேக் பிடித்தால் கீழே விழுவாய். தவிர அது ஒருவருடைய சாப்பாடு, அதன்மேல் ஏற்றுவது நியாயமும் இல்லை. வைக்கோல் இன்னும் மோசம். ஒருமுறை உமையாள்புரத்துக்கு அந்தப் பக்கம் பின் சக்கரத்தில் ஏதோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருந்தது. இறங்கிப் பார்த்தால் கியர் மாற்றும் சின்னப் பல்சக்கரத்தில் வைக்கோல் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. பேனாக் கத்தியால் ஒவ்வொரு பிரியாக அறுத்தெடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கருப்பு கிரீஸில் ஊறிய வைக்கோல் வாசனை கையைவிட்டுப் போக இரண்டு நாள்.

புது ஆற்றுக் கரை

அரசு ஏட்டில் இதற்குக் கல்லணைக் கால்வாய் என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கம் புது ஆறு என்றால்தான் தெரியும். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1925இல் தொடங்கி 1934இல் முடித்தார்கள். ஆறு என்று பெயர் வைத்தாலும் இது வெட்டிய கால்வாய். இயற்கையான ஆறு பள்ளம் பார்த்துப் போகும். இதை, தண்ணீர் பாயாத மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மட்டம் பார்த்து வளைத்து வளைத்து வெட்டினார்கள். அதனால் சில இடங்களில் கால்வாய் பக்கத்து வயலைவிட உயரத்தில் போகும். நீ சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் தென்னை மரத்தின் இடுப்பையும் பார்ப்பாய்.

நீளம் 148 கிலோமீட்டர் சொச்சம். பூதலூர்ப் பக்கமாகத் தஞ்சாவூருக்கு வந்து, பெரிய கோயிலை உரசிக்கொண்டு போய், பிறகு ஒரத்தநாடு, பேராவூரணிப் பக்கங்களைத் தாண்டி, அறந்தாங்கி வட்டாரத்தில் நாகுடியைக் கடந்து மும்பாலைப் பக்கம் முடிந்துவிடுகிறது. கடல் அங்கிருந்து கிட்டத்தில்தான், ஆனால் கால்வாய் கடலைத் தொடுவதில்லை. கடல் வரை மிதித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இன்னும் கொஞ்சம் போக வேண்டும்.

சாலை என்று பார்த்தால் இதுதான் உண்மையான கரைப் பாதை. நீர்வளத் துறையின் ஜீப் போவதற்குப் போட்ட கிராவல் பாதை, பல இடங்களில் மெத்தென்று செம்மண். வண்டி அபூர்வம். தஞ்சாவூர் வரையிலான முதல் பகுதியை யாருக்கும் தைரியமாகச் சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போய் மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம். அதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும்.

முதல் சிக்கல், கிளை வாய்க்கால்கள். கல்யாண ஓடை, ராஜாமடம் என்று இதிலிருந்து பிரிவது எல்லாமே பெரிய வாய்க்கால்கள், அவற்றுக்கும் கரை உண்டு, கரையில் பாதையும் உண்டு. ஷட்டர் தாண்டி எந்தக் கரையில் இறங்கினோம் என்று கவனிக்கவில்லையென்றால் அவ்வளவுதான். நான் கல்யாண ஓடைக் கரையில் ஒன்பது கிலோமீட்டர் மிதித்த பிறகு, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இது பட்டுக்கோட்டைக்குப் போற வாய்க்காலு தம்பி, நீங்க கேக்குறது அங்கல்ல இருக்கு" என்று மேற்கே கை காட்டினார். போனில் வரைபடம் இருந்தது. வெயிலில் திரையே தெரியவில்லை.

இரண்டாவது, சிமென்ட். கால்வாயைச் சீரமைக்கும் திட்டத்தில் நெடுந்தூரத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர அது உதவும், விவசாயிக்கு நல்லதுதான். சைக்கிள்காரனுக்கு என்ன என்றால், மண் கரையில் தவறி விழுந்தால் புல்லையோ வேரையோ பிடித்து ஏறலாம். சரிந்த சிமென்ட் சுவரில், அதுவும் பாசி பிடித்திருந்தால், பிடிக்க ஒன்றும் கிடையாது. முழுத் தண்ணீர் ஓடும்போது அதில் இழுப்பும் அதிகம். தனியாகப் போகிறவன் தண்ணீர் ஓரமாக ஓட்டவே கூடாது, எப்போதும் வயல் பக்கத் தடத்தில்தான்.

மூன்றாவது, நிழல். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. மறுபடி வைத்த கன்றுகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன, ஆனால் பழைய தோப்பின் இருட்டு இன்னும் திரும்பவில்லை. அக்னியாறு மாதிரியான காட்டாறுகள் குறுக்கிடும் இடங்களில் கரைப் பாதை திடீரென்று நின்று, இறங்கிச் சுற்றி, மறுபடி ஏற வேண்டியிருக்கும். கடையும் குறைவு. தஞ்சாவூரிலேயே இரண்டு லிட்டர் நிரப்பிக்கொள்ள வேண்டும், வழியில் போர் செட் ஓடிக்கொண்டிருந்தால் அது அதிர்ஷ்டம்.

இருந்தும் நடுவில் விட்டுவிடும் வசதி இதில் மோசமில்லை. கால்வாயை அடிக்கடி பஸ் போகும் சாலைகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு குறுக்குப் பாலமும் ஒரு வாசல். பேராவூரணி, அறந்தாங்கி இரண்டிலும் ரயில் நிலையம் உண்டு. சரக்கு ஆட்டோ பிடித்து சைக்கிளோடு தஞ்சாவூருக்குத் திரும்பிய அனுபவமும் எனக்கு உண்டு. ஓட்டுநர் வழி முழுக்க, "இத வெச்சு எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?" என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

கொள்ளிடம்

எனக்குப் பிடித்தது இதுதான். அதனால்தான் இதைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லணையிலிருந்து தென்கரையைப் பிடித்தால் விளாங்குடிப் பாலம், நீலத்தநல்லூர்ப் பாலம், அணைக்கரை, மணல்மேட்டுப் பக்கம், கொள்ளிடம் ஊர், கடைசியில் பழையாறு மீன்பிடித் துறைமுகம். மற்ற இரண்டையும்போல் இது ஊருக்குள் நுழையாது. வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட உயர்ந்த கரை. மேலே ஒற்றைத் தடம். கீழே ஒரு பக்கம் கரும்பும் வாழையும், மறு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மணல், நாணல், நடுவில் எங்கோ ஓரிரு நீர்க்கோடு. சாயங்காலம் நாணல் பூ வெள்ளையாக ஆடும்போது சைக்கிளை நிறுத்தாமல் போகிறவன் யாரும் இருக்க மாட்டான்.

அணைக்கரையில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை. இங்கிருந்து வடவாற்று வழியாகத்தான் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. கல்லணையிலிருந்து 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதாவது பாதி வழி. டீ, பரோட்டா, மீன் எல்லாம் கிடைக்கும் கடைகள் அங்கேதான். அதற்கு முன்னும் பின்னும் கரைமேல் கடை என்று ஒன்று கண்ணில் படாது. கரையிலிருந்து இறங்கி ஊருக்குள் போக வேண்டும்.

எனக்கு நடந்தது நீலத்தநல்லூருக்கும் அணைக்கரைக்கும் நடுவில். சீமைக் கருவேல முள். ஒன்று குத்தியது, டியூப்பை மாற்றினேன். கால் மணி நேரத்தில் இன்னொன்று. ஒட்டுப் போடலாம் என்று பையைத் திறந்தால், ஒரு வருஷமாகத் திறக்காத பசை டியூப்புக்குள்ளேயே கல்லாகியிருந்தது. பகல் பன்னிரண்டரை. போனில் ஒரு கோடு சிக்னல் வரும், போகும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஐந்தாறு கிலோமீட்டர் நடந்தேன். கரைமேல் ஓர் ஆளும் இல்லை. கடைசியில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் பார்த்துவிட்டு, தன் டிவிஎஸ் 50இல் சக்கரத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் விட்டார்.

பஞ்சர் போடுவது அந்தக் கடைக்காரருக்கு இரண்டு நிமிட வேலை. காற்றடிப்பதில்தான் சிக்கல். என்னுடையது ஒல்லி வால்வு. அவருடைய பம்பு நம் ஊர்ச் சைக்கிளுக்கானது, வால்டியூப் போட்ட தடி வால்வு. பம்பின் வாய் என் வால்வில் உட்காரவே இல்லை. என் கைப்பம்போ நடுவழியில் முதல் டியூப்புக்கே மூச்சு வாங்கி ஓய்ந்திருந்தது. அவர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் உருட்டு அரம் ஒன்றை எடுத்து வந்து, ரிம்மில் வால்வு நுழையும் ஓட்டையைச் சுற்றி ராவ ஆரம்பித்தார். அலுமினியத் தூள் அவர் லுங்கியில் வெள்ளியாகக் கொட்டியது. ஓட்டை பெரிதானதும் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கடையில் தொங்கிய சாதா 28 இன்ச் டியூப் ஒன்றை மாட்டினார். டயருக்கும் அதற்கும் அளவு கொஞ்சம் வித்தியாசம். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அந்த டியூப்போடு அணைக்கரை வரை போய், அங்கேயே நிறுத்திக்கொண்டேன். நேரம் போயிருந்தது, மனசும் போயிருந்தது.

அன்றிலிருந்து என் இரண்டு சக்கரத்திலும் தடி வால்வுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் ஓடாத கிராமமே நம் பக்கத்தில் இல்லை. அந்த வால்வுக்கு ஏற்ற பம்பு கிடைக்காத கிராமமும் இல்லை. உன் ஹைபிரிட் சைக்கிளில் ஒல்லி வால்வு இருந்தால் நகத்தளவில் ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறது, இரண்டு வாங்கு. ரிம்மை ராவும் வேலை எல்லாம் கடைசிக் கட்டத்துக்கு.

கொள்ளிடத்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். குளிக்க இறங்காதே. அணைக்கரையிலும் அதற்குக் கீழே சிதம்பரம் பக்கமும் முதலை உண்டு, ஊர்க்காரர்களுக்கு அது செய்தியே இல்லை. அப்புறம், வெள்ளம். 2018, 2022, 2024இல் எல்லாம் மேட்டூர் நிரம்பி உபரி நீரைத் திறந்தபோது அதில் பெரும்பகுதி கொள்ளிடத்தில்தான் போயிற்று. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் முதலில் பிரியும் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கத்து ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனது உனக்கே நினைவிருக்கும். அப்படிப்பட்ட வாரத்தில் கரைமேல் மணல் மூட்டையும் அதிகாரிகளின் ஜீப்பும் நிற்கும், உன்னை விடமாட்டார்கள், விடவும் கூடாது. மழைக்கு மறுநாளும் வேண்டாம். அந்த வண்டல் களி சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஏறி அடைத்துக்கொண்டால் சைக்கிள் உருளாது. குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுப் பத்தடி போனால் மறுபடி அடைக்கும்.

பாலத்துக்குப் பாலம் நடுவில் விட்டுவிட்டுப் போக வழியே இல்லை என்பதுதான் இந்தக் கரையின் குறை. அதுவேதான் அதன் ருசியும்.

காற்று

டெல்டா தட்டை. தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டருக்குள்தான். மேடு இல்லையே, சுலபம் என்று நினைப்பாய். மேடு இல்லாவிட்டால் இறக்கமும் இல்லை. மலைச் சாலையில் ஏறியதற்கு இறங்கும்போது உட்கார்ந்து வரலாம். இங்கே மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும், எட்டு மணி நேரமும் ஒரே உட்காரல். முதலில் வலிப்பது தொடை அல்ல, சீட்டில் படும் எலும்பு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது மிதி மிதி.

மேடு செய்யாததைக் காற்று செய்யும். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக வீசும். கிழக்கே போகும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. தெற்கே திரும்பும் புது ஆற்றில் அதே காற்று பக்கவாட்டில் அறையும், உயர்ந்த கரைமேல் தண்ணீர்ப் பக்கமாகத் தள்ளும். மார்கழி, தையில் வாடைக்காற்று, எதிர்க்காற்று; வெயில் இல்லை என்ற ஆறுதல் மட்டும். எந்த மாதமானாலும் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டால் மயிலாடுதுறைக்கு அப்புறம் உள்ள 25 கிலோமீட்டர் அதற்கு முந்தைய 50க்குச் சமம். அதனால் கல்லணையில் நாலரைக்கு மிதிக்க ஆரம்பித்துவிடு, பன்னிரண்டு மணிக்கு மயிலாடுதுறையைத் தாண்டியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள். நீண்ட தூரச் சைக்கிள் சங்கங்கள் நடத்தும் பிரவே ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள், மணிக்கு 15 கிலோமீட்டர் வருகிறது. நின்று டீ குடிக்கும் நேரமும் அதில் சேர்த்தி. கரைப் பாதையில் அதே கணக்கு உனக்குப் போதும், பரபரக்காதே.

பதினெட்டாம் பெருக்கன்று மட்டும் காவிரிக் கரையில் போகாதே. திருச்சியிலிருந்து பூம்புகார் வரை எல்லாப் படித்துறையிலும் கூட்டம், சைக்கிளைத் தள்ளக்கூட இடம் இருக்காது. அல்லது வேகத்தை மறந்துவிட்டு அன்றைக்கே போ, ஒவ்வொரு ஊரிலும் சித்ரான்னம் கிடைக்கும்.

சின்னம்மா சொன்னது

குத்தாலத்தில் இருக்கும் உன் சின்னம்மாவும் மிதிக்கிறவள்தான், கும்பகோணம் போய்த் திரும்பி வருவாள். நான் இதை எழுதுகிறேன் என்றதும், "நீ டீக்கடையா எண்ணி எழுதுற. நான் பெட்ரோல் பங்க் எண்ணிப் போறேன்" என்றாள். ஒதுங்க இடம், பெண்கள் நிற்கும் இடமா என்ற யோசனை, இருட்டுவதற்குள் எந்த ஊர். அந்தக் கணக்கில் காவிரி வழி ஒன்றுதான் தேறுகிறது என்கிறாள். புது ஆற்றில் தஞ்சாவூர் வரை சரி, கொள்ளிடம் கிடையவே கிடையாது. நான் கடை இல்லை, நிழல் இல்லை என்று எழுதியிருக்கும் குறைகள் அவளுக்கு இரண்டாம் பட்சம். உன்னோடு வேலை பார்க்கும் பெண்கள் யாராவது கேட்டால் என் கட்டுரையைக் காட்டாதே, அவள் நம்பரைக் கொடு.

சரி, எது?

உனக்கு இது முதல் தடவை, கையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. காவிரிக் கரை. யோசிக்கவே வேண்டாம்.

இரண்டு நாள் லீவு கிடைத்தால் புது ஆறு. முதல் நாள் ஒரத்தநாட்டுப் பக்கம் வரை போய், திரும்பி வந்து தஞ்சாவூரில் தங்கலாம், மறுநாள் விட்ட இடத்திலிருந்து கடைமடை. ஒரே நாளில் 148 கிலோமீட்டர் கிராவலை முடிக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. முடிக்கலாம்தான், ஆனால் கடைசி 40 கிலோமீட்டரை நீ பார்த்திருக்க மாட்டாய், மிதித்திருப்பாய்.

கொள்ளிடத்தைத் தனியாகப் போவதானால் மாசியில், அணைக்கரை வரை மட்டும். அங்கே யாரையாவது வண்டியோடு நிற்கச் சொல். மீதிப் பாதியை நானும் இன்னும் பார்க்கவில்லை. அதற்கு நாம் இரண்டு பேராகப் போவோம்.

சைக்கிள் விஷயத்தில் உன்னுடைய ஹைபிரிட்டே போதும், 38 அல்லது 40 மில்லிமீட்டர் அகல டயர் போட்டுக்கொள், காற்றை இறுக்க அடிக்காதே. ஒல்லி டயர் ரோடு சைக்கிள் வைத்திருக்கும் உன் நண்பன் காவிரி வழிக்கு மட்டும் வரலாம். கியர் இல்லாத பழைய சைக்கிளிலும் இதைச் செய்யலாம். எடை அதிகம், ஆனால் எந்த ஊரிலும் ரிப்பேர் ஆகும். இரண்டு டியூப், புதுப் பசை, ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு, பனியனுக்குள் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஒவ்வொரு பெரிய ஊரிலும் நின்று உன் அம்மாவுக்கு ஒரு போன்; எனக்கு வேண்டாம், நான் லொகேஷனைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

நேற்று இரவு இதைப் படித்துவிட்டு மறுபடி போன் செய்தான். ஆடி இரண்டாம் ஞாயிறு, காவிரிதான் என்று முடிவாம். "அந்த அடாப்டர் வாங்கிட்டியா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாமா, ஒல்லி வால்வுன்னா எது, தடி வால்வுன்னா எது?" என்றான். வெள்ளிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.